கேஜ் சரியாத்தான் காட்டுது

டிசம்பர் 17, ஞாயிறு

வண்டி: எம்ஜி பி, 1965 மாடல், ரெண்டு சீட்டு, துணிக் கூரை. ஓடுனது 61,408 மைல். கடைசியா ஆயில் மாத்தி மூணு வருஷம். டிப்ஸ்டிக்ல அளவு சரி. நிறம் தார் மாதிரி. இஞ்சின் சூடானப்பறம் ஆயில் பிரஷர் 28. அம்பதுக்கு மேல இருக்கணும்.

லேப்ல இருந்து கொண்டு வந்த நோட்டு ஒண்ணு காலியா கெடந்துச்சு. அதுலதான் எழுதறேன். பீளமேட்டுல ஒரு கேலிபரேஷன் லேப்ல வேலை எனக்கு. மில்லுலயும் ஃபேக்டரியிலயும் இருந்து வர்ற பிரஷர் கேஜ், தெர்மாமீட்டர் எல்லாம் சரியாக் காட்டுதான்னு பாத்து சர்ட்டிபிகேட் குடுக்கணும். எந்த ரீடிங் எடுத்தாலும் எழுதணும். எழுதலேன்னா பாக்கவே இல்லேன்னு அர்த்தம். சேந்த முத நாளே சொல்லிக் குடுத்தது.

வண்டி என் பொண்டாட்டி மிருதுளாவோடது. அவங்கப்பா வால்பாறை எஸ்டேட்ல ஃபேக்டரி இஞ்சினியரா இருந்தப்ப, ஊருக்குத் திரும்பிப் போன ஒரு மேனேஜர்கிட்ட வாங்குனது. அவர் போனப்பறம் இவதான் ஓட்டுனா. ஞாயித்துக்கெழமை காலைல ஒரு சுத்து.

மிருதுளா போயி இன்னைக்கு நாப்பத்தி ஒரு நாள். டெங்கு. லீவு இன்னும் பாக்கி இருக்கு. கைக்கு ஒரு வேலை வேணும்.

டிசம்பர் 18, திங்கள்

மழை. ஷெட்டுக்குப் போகல.

டிசம்பர் 20, புதன்

இஞ்சினைப் பத்து நிமிஷம் ஓட விட்டு, சூட்டோட ஆயிலை வடிச்சேன். ஆற விட்டா கசடெல்லாம் அடியிலயே தங்கிரும். நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேல வந்துச்சு. விரல்ல தேச்சுப் பாத்தேன். கொஞ்சம் நறநறன்னு இருந்துச்சு.

அடி பிளக்குக்கு ஒரு செம்பு வாஷர் உண்டு. புதுசு கிடைக்கல. பழசையே செவக்கச் சுட்டு தண்ணில போட்டா மறுபடி மெத்துன்னு ஆயிரும். அதுக்காக கேஸ் அடுப்பைப் பத்த வெச்சேன். அடுப்பு பத்த வெச்சு பதினோரு நாள் ஆச்சு.

வடிஞ்சிட்டு இருந்தப்ப பொள்ளாச்சில இருந்து அத்தை போன் பண்ணாங்க. மிருதுளாவோட அம்மா.

"மாப்ள, சாப்ட்டீங்களா?"

"ஆச்சுங்கத்தை."

"என்ன சாப்ட்டீங்க?"

"சாப்ட்டேங்க."

 அப்பறம், "எண்ணெய் எப்பங்க வெக்கலாம்? மார்கழி முடியறதுக்குள்ள வெச்சாகணுமே."

"புதுசு நாளைக்கு வந்துருங்கத்தை. இப்பத்தான் பழசை வடிச்சிட்டு இருக்கேன். சனிக்கெழமைக்குள்ள ஊத்திருவேன்."



"நான் அந்த எண்ணெயைச் சொல்லலைங்க மாப்ள."

எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

எங்காளுங்க பழக்கம் இது. பொண்டாட்டி செத்துட்டா பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் அவ பொறந்த வீட்டுக்காரங்க வந்து புருஷன் தலைல எண்ணெய் வெச்சு முழுக விடணும். அதோட துக்கம் முடிஞ்சுது. அது வரைக்கும் அவ பொறந்த வீட்லயும் நல்ல காரியம் எடுக்கக் கூடாது. மிருதுளாவுக்கு அண்ணன் தம்பி கெடயாது. அதனால தங்கச்சி பிருந்தா கிண்ணத்தோட வந்து நின்னா. நான் மணையை விட்டு எந்திரிச்சு ஷெட்டுக்கு வந்துட்டேன். வந்து கார் சீட்ல உக்காந்துட்டேன். யாரும் பின்னாடி வரல.

பிருந்தாவுக்குத் தையில கல்யாணம். அக்கா இருக்கறப்பவே பேசி முடிச்சது.

"பாக்கலாங்கத்தை"ன்னேன். போனை வெச்சுட்டாங்க.

டிசம்பர் 21, வியாழன்

ஃபில்டர் மாத்துனேன். பழைய ரப்பர் வளையம் பள்ளத்துல ஒட்டிக் கெடந்துச்சு, ஊசி வெச்சுக் கெளறி எடுக்க ஒன்றரை மணி நேரம். அது இருக்கறது தெரியாம அது மேலயே புதுசை வெச்சா ஆயில் பீச்சி அடிக்கும்.

ஈபி ரீடிங் எடுக்க வந்தவரு மீட்டரைப் பாத்துட்டு, "பாதிதாங்க ஓடிருக்கு. ஊருக்குப் போயிருந்தீங்களா?"ன்னாரு.

ஆமான்னு சொன்னேன்.

டிசம்பர் 23, சனி

புது ஆயில் ஊத்துனேன். காயில் வயரைக் கழட்டிட்டு, இஞ்சின் பத்தாம செல்ஃப் மட்டும் அடிச்சேன். ஆயில் எல்லா இடத்துக்கும் ஏறுனப்பறம்தான் ஸ்டார்ட் பண்ணணும். முள்ளு மெதுவா எந்திரிச்சுது. வயரை மாட்டி ஸ்டார்ட் பண்ணேன்.

சூடானப்பறம் பிரஷர்: 30.

புது ஆயில், புது ஃபில்டர். 30 வர வாய்ப்பே இல்ல. கேஜ் தப்பு. அம்பத்தெட்டு வருஷத்து கேஜ்.

டிசம்பர் 24, ஞாயிறு

ஜோதிலிங்கத்தை வரச் சொன்னேன். லேப்ல எனக்குப் பக்கத்து டேபிள். மத்த கேஜையெல்லாம் சரி பாக்கற மாஸ்டர் கேஜ் ஒண்ணு எடுத்துட்டு வந்தான். சர்ட்டிபிகேட் போன மாசம் எடுத்தது, பிழை அரைக்கும் கம்மி.

"ஏண்டா தரணி, லீவுல வந்தும் கேஜாடா? காருக்கு ஈசிஜி எடுக்கறியா?"

ஆயில் லைன்ல ஒரு டீ ஜாயின்ட் போட்டு ரெண்டு கேஜையும் சேத்து மாட்டுனோம். மாஸ்டர்ல 30. வண்டில 29.

திருப்பி மாட்டுனேன். 30. 29. 

மாஸ்டர் கேஜையே சந்தேகமா இருக்குன்னு சொல்லி, சைக்கிள் கடைல இருந்து கேஜ் வெச்ச காத்தடிக்கற பம்பு வாங்கிட்டு வந்து அதையும் பாத்தேன். மாஸ்டர் சரி.

மூணாவது தடவை மாட்டப் போனப்ப ஜோதி என் கையில இருந்து ஸ்பேனரை வாங்கிட்டான்.

"டேய், கேஜ் நல்லாருக்கு. பிரஷர்தான் இல்ல. முள்ளு சொல்றதை நீ எப்பத்தான் நம்புவே?"

நான் கத்திட்டேன். என்ன சொன்னேன்னு எழுத வேண்டாம். அவன் மாஸ்டர் கேஜைத் துணில சுத்தி பெட்டில வெச்சான். பைக்கை எடுக்கறப்ப, "சாப்பாடு கொண்டு வந்தேன், தண்ணித் தொட்டி மேல வெச்சிருக்கேன். சுமதி செஞ்சது. டப்பாவை மட்டும் திருப்பிக் குடுத்துரு, இல்லேன்னா எனக்கும் சோறு கெடயாது"ன்னான்.

எலுமிச்சை சாதம். சாப்ட்டேன்.

டிசம்பர் 28, வியாழன்

பிருந்தா வந்தா. பஸ்ஸுல வந்திருக்கா. ஷெட் வாசல்லயே நின்னு செருப்பைக் கழட்டாம பேசுனா.

"மாமா, நேரா கேக்கறேன். எண்ணெய் வெச்சுக்குவீங்களா மாட்டீங்களா?"

"இந்த வேலை முடியட்டும் பிருந்தா."

"எது, இந்த வண்டியா? இது என்னைக்கு மாமா முடிஞ்சுது? அப்பா காலத்துல இருந்து முடியல."

நான் துணியை எடுத்துக் கையைத் தொடைச்சேன்.

"அன்னைக்குக் கிண்ணத்தை வெச்சுக்கிட்டு நான் நிக்கறேன். எண்ணெய் கைல வழியுது. வீட்ல அத்தனை பேரு. நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டீங்க. அந்தக் கையை எங்க தொடைக்கறதுன்னு கூட எனக்குத் தெரியல மாமா."

"தப்புதான்."

"பல்லடத்துல மாப்பிள்ளை வீட்ல பாட்டியா ஒத்தக் கால்ல நிக்குது. துக்கம் கழிக்காத வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாங்களாம். தை பொறக்கறதுக்குள்ள நாங்க பதில் சொல்லணும். இல்லேன்னா வேற எடம் பாக்கறாங்க. ரெண்டு வருஷமா எனக்கு அவரைத் தெரியும் மாமா. அக்காவுக்கு மட்டுந்தான் சொல்லிருந்தேன். அவதான் அம்மாகிட்ட பேசி ஒத்துக்க வெச்சா."

அது எனக்குத் தெரியாது. மிருதுளா சொல்லல.

"உங்களுக்கு எண்ணெய் வெச்சா அக்காவை மறந்துட்டீங்கன்னு யாரும் சொல்லப் போறதில்ல."

"அதில்ல."

"வேற என்னதான்?"

கைல ஆயில் கறையைத் தொடைச்சிட்டே இருந்தேன். அவ கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கையில ஒண்ணுமே இல்ல மாமா, சுத்தமாத்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

ஜனவரி 1, திங்கள்

இஞ்சின் பின்னாடி இடது பக்கம் கொண்டை வெச்ச மாதிரி ஒரு நட்டு இருக்கு. அதுக்குள்ள ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங் முனைல தொப்பி மாதிரி ஒரு வால்வு. பிரஷர் ரொம்ப ஏறுனா மட்டும் தொறந்து விடணும். மத்த நேரம் மூடியே இருக்கணும்.

கழட்டுனேன். ஸ்பிரிங் நீளம் மூணு இஞ்ச், சரியா இருக்கு. வால்வு உக்கார்ற எடத்துல ஒரு துணுக்கு. கடுகுல பாதி. அதனால வால்வு மூடவே இல்ல. ஆயில் எந்நேரமும் வழிஞ்சு திரும்பிப் போயிட்டே இருந்திருக்கு. மூணு வருஷம் ஆயில் மாத்தாம விட்ட கசடு. மாத்த வேண்டியது நான்.

கேஜ் முதல் நாள்ல இருந்தே சரியாத்தான் காட்டிருக்கு. பத்து நாளா நான் கேஜைத்தான் சந்தேகப்பட்டிருக்கேன்.

ஜனவரி 2, செவ்வாய்

நவம்பர் 5, ஞாயிறு. சாயங்காலம் 4.10. மிருதுளா. பிபி 80/50.
4.14. மறுபடி. 78/50.
4.25. பேட்டரி மாத்துனப்பறம், என் கைல. 122/80.

இதுதான் அன்னைக்கு எடுத்த ரீடிங். எங்கயும் எழுதல. இப்ப எழுதறேன்.

காய்ச்சல் அன்னைக்குக் காலைலதான் விட்டிருந்துச்சு. விட்டுருச்சேன்னு ரெண்டு பேருக்கும் சந்தோசம். காய்ச்சல் விடறப்பதான் டெங்குல கவனமா இருக்கணும்னு எனக்கு அப்பறமாத்தான் தெரியும். அவளுக்கு அசதி. கை ஜில்லுன்னு இருந்துச்சு. மாத்திரை குடுக்கறதுக்கு முன்னாடி எதுக்கும் பாப்போம்னு மெஷினை எடுத்தேன். 80/50 காட்டுச்சு. பட்டையைச் சரியாச் சுத்தலேன்னு நெனச்சேன். மறுபடி எடுத்தேன். பேட்டரி வீக்குன்னு நெனச்சேன். மாத்தி என் கைல போட்டுப் பாத்தேன், நல்லாக் காட்டுச்சு. அப்பவாவது புரிஞ்சிருக்கணும். புரியல. பட்டை அவ கைக்குப் பெருசு, அதான் கம்மியாக் காட்டுதுன்னு முடிவு பண்ணேன். பட்டை பெருசா இருந்தாலும் இவ்வளவு கொறையாது. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் முடிவு பண்ணேன்.

அவ தூங்கிட்டா. நான் மெஷினைப் பிரிச்சு மேசை மேல வெச்சு உக்காந்துட்டேன்.

ஆறரை மணிக்கு எழுப்பப் போனேன். எழுப்ப முடியல.

ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரு, "வீட்ல பிபி எதாச்சும் பாத்தீங்களா?" பிருந்தா எனக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தா.

"பாக்கலீங்க"ன்னேன்.

மறுநாள் விடிகாலை போயிட்டா.

ஜனவரி 4, வியாழன்

துணுக்கை எடுத்து, வால்வை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேச்சு உக்கார வெச்சேன். சுத்தமாக் கழுவி மாட்டுனேன். சூடானப்பறம் பிரஷர் 58. ஐடில்ல 22. கசிவு இல்ல.

வேலை முடிஞ்சுது. இனி சாக்கு சொல்ல ஒண்ணும் இல்ல.

ஜனவரி 6, சனி

பொள்ளாச்சிக்கு அதே வண்டில போனேன். கிணத்துக்கடவு தாண்டறப்ப முள்ளு 56ல நின்னுச்சு. அத்தனை தூரமும் ரோட்டை விட அதைத்தான் பாத்தேன்.

அத்தை காபிக்குப் பால் வெச்சிருந்தாங்க. வண்டிச் சத்தம் கேட்டு வெளிய வந்த பிருந்தா, அவங்கப்பா வண்டின்னதும் பானட்டைத் தொட்டுப் பாத்துட்டு உள்ள வந்தா. எண்ணெய்க்கு ஒத்துக்கத்தான் வந்திருக்கேன்னு நெனச்சுட்டாங்க. ரெண்டு பேர் மொகத்துலயும் அது தெரிஞ்சுது.

சமையக்கட்டுல நின்னே சொன்னேன். நேரம், நம்பர், பேட்டரி, பட்டை எல்லாம். நோட்டுல இருக்கற மாதிரியே.

பிருந்தாதான் முதல்ல பேசுனா. "டாக்டர் கேட்டப்ப பாக்கலேன்னு சொன்னீங்க. நான் பக்கத்துலதான நின்னேன்."

"பாத்தேன்."

"எண்பதா?"

"ஆமா. ரெண்டாவது தடவை எழுபத்தெட்டு."

"ஊர்ல இருக்கற மெஷினுக்கெல்லாம் சர்ட்டிபிகேட் குடுக்கறீங்க. எங்கக்கா உங்ககிட்ட ஒரு மெஷினா மாமா?"

பிருந்தா வாசலைக் காட்டுனா.

"போயிருங்க. இப்பவே போயிருங்க."

 பால் பொங்கி அடுப்புல வழிஞ்சுது. அத்தை அடுப்பை அணைச்சாங்க. துணி எடுத்து அடுப்பைத் தொடைச்சாங்க. தொடைச்சிட்டே இருந்தாங்க. நான் வந்துட்டேன்.

ஜனவரி 7, ஞாயிறு

போன் வரல.

சொல்லாம எண்ணெய் வெச்சுக்கிட்டிருந்தா பிருந்தா கல்யாணம் நடந்திருக்கும். சொன்னதால இனி அவங்க என் தலையைத் தொட மாட்டாங்க. தை பொறக்க எட்டு நாள். அவ கல்யாணம் நின்னா அதுக்கும் நான்தான் காரணம்.

ஆனா சொல்லாம எப்படித் தலையைக் குனியறது.

ஜனவரி 9, செவ்வாய்

போன் வரல. ஜோதி வீட்டுக்கு டப்பாவைக் கொண்டு போய்க் குடுத்தேன். அன்னைக்குக் கத்துனதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குடா?"ன்னான். அவனுக்கு நிஜமாவே மறந்துருச்சோ, இல்ல அப்படிச் சொன்னானோ தெரியல.

ஜனவரி 10, புதன்

பல்லடத்துக்காரங்க நம்பரை, அங்க சொந்தம் இருக்கற ஜோதி மூலமா வாங்குனேன். பாட்டியாகிட்ட பேசி, தப்பு என்னுது, பொண்ணு வீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லேன்னு சொல்லலாம்னு. மாப்பிள்ளைப் பையன்தான் எடுத்தான். நான் பேர் சொன்னதும், "பிருந்தா எல்லாம் சொல்லுச்சுங்க"ன்னான். அப்பறம், "நான் காத்திருப்பேங்க. பாட்டியாதான் காத்திருக்காது"ன்னான். 

ஜனவரி 12, வெள்ளி

எதுவும் இல்ல.

ஜனவரி 13, சனி

காலைல எட்டு மணிக்கு கேட் சத்தம். அத்தை. தனியா. கைல ஒரு ஒயர் கூடை. வேர்வை. பஸ் ஸ்டாப்ல இருந்து நடந்தே வந்திருக்காங்க.

"போன் பண்ணிருந்தா வந்து கூட்டிட்டு வந்திருப்பேனுங்க."

 நேரா சமையக்கட்டுக்குப் போய் அடுப்பைப் பத்த வெச்சாங்க. கூடைல இருந்து நல்லெண்ணெய் பாட்டில், ஒரு பித்தளைக் கிண்ணம், எண்ணெய் போகத் தேய்க்கற அரப்புப் பொடிப் பொட்டலம். எண்ணெயைச் சுட வெச்சாங்க. நான் வாசப்படில நின்னு பாத்துட்டு இருந்தேன்.

"பிருந்தா வர்லீங்களா?"

"வர மாட்டேன்னுட்டா."

"முறைப்படி அவதானுங்களே வெக்கணும்?"

"அவளையும் நான்தான் பெத்தேன். இவளையும் நான்தான் பெத்தேன். என் கைக்கு முறை இல்லையா? பின்னாடி வந்து உக்காருங்க."

பின்பக்கம் தண்ணித் தொட்டிகிட்ட ஒரு பலகை போட்டு உக்காந்தேன். சட்டையைக் கழட்டச் சொன்னாங்க. உச்சில மூணு சொட்டு வெச்சாங்க. அது சாங்கியத்துக்கு. அதோட விட்டிருக்கலாம். விடல. கிண்ணம் முழுக்க எண்ணெயைத் தலைல ஊத்தித் தேய்க்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு கையாலயும். விரல் மண்டை எலும்புல போய் நிக்குது. முடியைப் புடிச்சு இழுத்து இழுத்து. கழுத்து ஆடுது. எண்ணெய் கண்ணுல எறங்கிருச்சு.

"வலிக்குதா?"

"இல்லைங்கத்தை."

"வலிக்கட்டும்."

கல்யாணமாகி ஆறு வருஷம். அத்தை என்கிட்ட 'ங்க' போடாம பேசுனது இன்னைக்குத்தான்.

ரொம்ப நேரம் தேச்சாங்க. மூச்சு வாங்குச்சு அவங்களுக்கு. அப்பறம் கை கொஞ்சம் கொஞ்சமா எளகுச்சு. நெத்தில வழிஞ்சதை முந்தானைல தொடைச்சு விட்டாங்க.

"அந்த மெஷினை வெச்சப்ப அவ எதாச்சும் சொன்னாளா?"

"சொன்னாளுங்க."

"என்ன சொன்னா?"

"என் கைல போட்டு நல்லாக் காட்டுச்சில்லீங்க. அதைப் பாத்துட்டு, 'மெஷினுக்கும் உங்களைத்தான் புடிச்சிருக்கு, அதோடயே குடும்பம் நடத்துங்க, நான் தூங்கறேன்'னு சொன்னா."

அத்தை சிரிச்சுட்டாங்க. சத்தமா. சிரிச்சவங்க அப்படியே தொட்டிச் செவுத்தைப் புடிச்சுக்கிட்டாங்க. நான் எந்திரிக்கப் போனேன். தோளைப் புடிச்சு உக்கார வெச்சாங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு, "பல்லடத்துக்கு மத்தியானம் போன் பண்ணிச் சொல்லிருவேன். எண்ணெய் வெச்சாச்சுன்னு"ன்னாங்க. "கல்யாணத்துக்கு வரணும் நீங்க."

"பிருந்தா கூப்பிட்டா வர்றேனுங்க."

"நான் கூப்பிடறேன். அவ கூப்பிட நாளாகும். கூப்பிடாமயும் போவா. அது அவளுக்கும் உங்களுக்கும்."

அரப்பு போடறதுக்கு முன்னாடி எண்ணெய் அரை மணி நேரம் ஊறணும்னாங்க. தொட்டி ஓரமா ஒரு கல்லு கெடந்துச்சு, அதுல உக்காந்தாங்க. நான் பலகைல. வெயில் செவுரைத் தாண்டி மெதுவா எங்க மேல வந்துச்சு. 

அரை மணி ஆனது எனக்குத் தெரியும். அத்தை எந்திரிக்கல. நானும் சொல்லல.